எத்தனை வண்டி கிளம்பியது, எத்தனை திரும்பியது

பின்சீட்டுக்காரி:

பைக் கிளப் காதல் கதைகளை நான் மாய்ந்து மாய்ந்து படித்த காலம் உண்டு. தோல் அங்கி, முகத்தில் தழும்பு, முரட்டுத் தலைவன். அடைக்கலம் தேடி வரும் பெண்ணுக்கு கிளப்பே வீடாகிவிடும். அவளைத் துன்புறுத்தியவனை அவன் அடித்து நொறுக்குவான். கடைசி அத்தியாயத்துக்குள் அவளுக்கு எல்லாம் ஆறிப்போயிருக்கும். இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எதுவும் ஆறியிருக்கவில்லை. என் கணவர் இறந்த விபத்தில் பின்சீட்டில் இருந்தவள் நான். எனக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்னைத் தின்றது. தெருவில் யாராவது சடாரென்று பிரேக் போட்டால் கை சில்லிட்டுவிடும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தோழி அவளுடைய கிளப்புக்கு இழுத்துப் போனாள். ஓட்டுவதற்கில்லை, சும்மா உட்கார. என்ன ஆச்சு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அறுபது தாண்டிய ஒரு பெரியம்மா (கிளப்பில் எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான்) கையில் ஒரு நோட்டைத் திணித்தார். "எத்தனை வண்டி கிளம்புது, எத்தனை திரும்புதுன்னு குறிச்சு வைம்மா." ஏழெட்டு மாதம் அதுதான் என் வேலை. கிளம்பியது 14, திரும்பியது 14. கிளம்பியது 19, திரும்பியது 19. போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிற நாளும் உண்டு என்று எழுதி எழுதித்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு நானே கேட்டேன். "பின்னாடி உட்கார மாட்டேன், ஹேண்டில் என் கையில இருந்தா பழகுறேன்." காலி மைதானத்தில் கிளட்சை மெல்ல விட்டால் வண்டி அசையத் தொடங்குமே, அந்த ஒரு புள்ளியை மட்டும் பெரியம்மா ஒரு வாரம் பழக்கினார். ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை.

முதல் குரூப் ரைடு. ஒருவர் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். நேர் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. புதிதாக வருகிறவர்களை, எல்லாருக்கும் முன்னால் ஓட்டும் லீடுக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். நான் ஒவ்வொருவராக முன்னே போகவிட்டு, கடைசிக்கு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஸ்வீப் மட்டும்தான். யாரும் விடுபடாமல் கூட்டி வருகிற கடைசி வண்டிக்கு அந்தப் பெயர். என் மிரரில் அவருடைய ஹெட்லைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு வளைவு. என் விபத்து நடந்த வளைவு மாதிரியே இருந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன், முழங்கால் ஆடியது. அவர் கொஞ்சம் பின்னால் நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது நிமிடம். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: "பள்ளத்தைப் பார்த்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடியற இடத்தைப் பாருங்க." இது எல்லா ஓட்டுநர் வகுப்பிலும் சொல்லித் தருவதுதான். எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் மொத்தக் கூட்டமும் வெயிலில் காத்திருந்தது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவன் நோட்டில் 21 என்று எழுதிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.

காதல் வந்ததெல்லாம் அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

டயர் பொடியன்:

அக்கா, அந்த நோட்டு விஷயத்தைப் படிச்சதும் தொண்டை அடைச்சிடுச்சு. நான் விடுதியில வளர்ந்தவன், சொந்தம்னு யாரும் கிடையாது. காறை எலும்பு உடைஞ்சு படுத்திருந்தப்போ கிளப் ஆளுங்க ஷிப்ட் போட்டு ராத்திரி உட்கார்ந்தாங்க. ஆபரேஷன் படிவத்துல 'நோயாளிக்கு உறவு'ன்னு ஒரு கட்டம். எங்க லீட் அதுல 'கிளப்'னு எழுதிட்டார். நர்ஸ் பார்த்துட்டு, அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துட்டு, அதை அடிச்சு 'அண்ணன்'னு மாத்தி எழுதினாங்க. இப்பவும் அவர் என்னைத் திட்டணும்னா 'ஃபாரத்துல எழுதின அண்ணன் சொல்றேன்டா'ன்னுதான் ஆரம்பிப்பார்.

பழைய கார்புரேட்டர்:

நெகிழ்ச்சிக்கு நடுவே ஒரு புளிப்பு. இந்தக் கதைகளின் வேர் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் அங்கே பைக் கிளப்களில் சேர்ந்தார்கள். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டரில் நடந்த கலாட்டாவுக்குப் பிறகு பைக்காரன் என்றாலே ரவுடி என்ற பிம்பம் பரவியது. போர் மனதில் விட்ட காயத்துக்கு இன்று சொல்லும் PTSD என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது இஞ்சின் சத்தமும் பக்கத்தில் ஓட்டுகிறவனும். சரி. ஆனால் சட்டத்துக்கு அடங்காதவர்கள் என்ற பொருளில் 'ஒரு சதவீதக்காரர்கள்' என்று சொல்லிக்கொள்ளும் கிளப்களில் பெண்கள் உறுப்பினராகவே முடியாது, 'இன்னாருடைய உடைமை' என்று முதுகில் பட்டை குத்தியதும் உண்டு. கதாசிரியர்கள் அதற்குச் சர்க்கரை தடவிவிடுகிறார்கள். அதே நாட்டில் 1940லேயே டாட் ராபின்சனைத் தலைவராகக் கொண்டு மோட்டார் மெய்ட்ஸ் என்ற பெண்கள் கிளப் இருந்தது. அதைப் பற்றி எழுத ஆளில்லை!

நானும் ஒரு கிளப்பில் இருந்தேன். தினமும் 'நாம குடும்பம்' என்பார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இரண்டு ரைடுக்கு வரவில்லை என்றேன். மூன்றாம் வாரம் அங்கியைத் திருப்பிக் கேட்டார்கள். மடித்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

பின்சீட்டுக்காரி:

கார்புரேட்டர் அண்ணா சொல்வது உண்மை. அதோடு, கிளப் மட்டுமே என்னை ஆற்றவில்லை. மனநல ஆலோசகரிடம் ஒரு வருடத்துக்கு மேல் போனேன், அவரிடம் போகச் சொன்னதும் பெரியம்மாதான். இப்பவும் பெட்ரோல் வாசனை சில நாள் குமட்டும். அன்றைக்கு ஓட்ட மாட்டேன், நோட்டை வாங்கிக்கொள்வேன்.

காதலைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, தம்பி, அது அந்த ஸ்வீப்தான். அவர் என்னிடம் காதல் வசனம் எதுவும் பேசவில்லை. ஒரு ஞாயிறு காலை டயர் காற்றைப் பார்த்தபடியே கேட்டார்: "இன்னைக்கு நீங்க ஸ்வீப் போறீங்களா? உங்களுக்கு முன்னாடி நான் போறேன்."

அன்றைக்குக் கிளம்பியது 23. கடைசியாக வந்து நின்ற வண்டி என்னுடையது.