புஸ்கெட்ஸும் ஆல்பாவும் போன பிறகு இன்டர் மயாமி யாரை எடுக்க வேண்டும்?

ஐந்தாம்எண் கேட்டது:

2025 டிசம்பர் 6 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் நடந்த இறுதியாட்டத்தில் வான்கூவர் ஒயிட்கேப்ஸை 3-1 என்று வீழ்த்தி, நம் கால்பந்து அணி இன்டர் மயாமி தன் முதல் எம்.எல்.எஸ். (வட அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர்) கோப்பையை வென்றதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஏப்ரலில் வட, மத்திய அமெரிக்க, கரீபிய அணிகள் மோதும் கான்காகாஃப் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் இதே வான்கூவர் 2-0, 3-1 என இரண்டு ஆட்டங்களிலும் நம்மைப் புரட்டியெடுத்தது மறக்கவில்லை என்பதால், இந்த வெற்றி எனக்குக் கூடுதலாகவே இனித்தது. டிசம்பர் 6 ஆட்டத்தோடு நடுக்கள வீரர் செர்ஜியோ புஸ்கெட்ஸும் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஜோர்டி ஆல்பாவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புஸ்கெட்ஸின் ஒப்பந்தம் 2025-ஓடு முடிவதால் செப்டம்பரில் அவர் செய்த அறிவிப்பில் வியப்பு இல்லை. ஒப்பந்தத்தை 2027 வரை நீட்டித்துக் கையெழுத்திட்டிருந்த ஆல்பா அக்டோபரில் "போதும்" என்று சொன்னதுதான் யாரும் எதிர்பாராதது.

புஸ்கெட்ஸ் ஓடவே மாட்டார் என்று குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். இருந்தாலும் லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களை இரண்டாவது முறை பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டுமே கவனித்தேன். பந்து தன்னிடம் வருமுன் இரண்டு தோள்களுக்கும் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். வந்த பந்தை நிறுத்தாமலே, தன்னை நெருக்க வருபவருக்குப் பின்னால் எவர் தனியாக நிற்கிறாரோ அவரிடம் தட்டிவிடுகிறார். பிறகு ஐந்தடி நகர்ந்து மறுபடியும் காத்திருக்கிறார். அவர் ஓடாததற்குக் காரணம் மற்றவர்கள் ஓடும் இடம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படிப்பட்ட ஒருவரைச் சந்தையில் தேடிப் பிடிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோப்பையை வென்ற அணி யாரும் திட்டமிட்டு அமைத்த அணி அன்று. பிளே-ஆஃபில் நாஷ்வில் அணியுடனான இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி வீரரை உதைத்ததற்காக முன்வரிசை வீரர் லூயிஸ் சுவாரஸ் ஓர் ஆட்டம் தடை செய்யப்பட்டார். அந்த இடைவெளியில் பத்தொன்பது வயது மாத்தேயோ சில்வெத்தி உள்ளே வந்தார். நாஷ்வில்லை 4-0, சின்சினாட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0, நியூயார்க் சிட்டியை 5-1 என்று வரிசையாக வென்றபோது, தடை முடிந்த பிறகும் சுவாரஸ் பெஞ்சிலேயே உட்கார வேண்டியதாயிற்று. முன்வரிசையில் சில்வெத்தியும் ததேயோ அயெந்தேயும் பந்து பறிபோன மறுகணமே திரும்பி ஓடி நெருக்கினார்கள். மெஸ்ஸிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஒரு தண்டனையால் நமக்கு ஒரு முன்வரிசை கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் கேள்வி இதுதான்: புஸ்கெட்ஸும் ஆல்பாவும் டெசிக்னேட்டட் பிளேயர் இடங்களில், அதாவது சம்பள உச்சவரம்பைத் தாண்டி ஊதியம் தரக்கூடிய சிறப்பு இடங்களில், இருந்தவர்கள். காலியாகும் அந்த இரண்டு இடங்களிலும் ஐரோப்பாவில் பெயர் வாங்கி முடித்த இன்னும் இருவரைக் கொண்டுவர வேண்டுமா, அல்லது இளைஞர்களை நம்ப வேண்டுமா? பெரிய பெயர் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயினும் விதிமுறைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பட்டியல்பித்தன் எழுதியது:

நண்பரே, உங்கள் கணக்கில் ஒரு சிறு பிழை இருக்கிறது. காலியாவது இரண்டு இடங்கள் என்றாலும், அணி தாராளமாகச் செலவழிக்கக்கூடியது அநேகமாக ஒன்றுதான். நடுக்கள வீரர் ரோட்ரிகோ தெ பால் ஜூலையில் அத்லெத்திகோ மாட்ரிட்டிலிருந்து ஏன் கடன் ஒப்பந்தத்தில் (தற்காலிகமாக இன்னோர் அணிக்கு ஆடும் ஏற்பாட்டில்) வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது மெஸ்ஸி, புஸ்கெட்ஸ், ஆல்பா மூவரும் மூன்று டெசிக்னேட்டட் பிளேயர் இடங்களையும் நிரப்பியிருந்தார்கள். நான்காவது இடம் என்று ஒன்று விதியிலேயே கிடையாது. ஆகவே ஆண்டு இறுதி வரை அவரைக் கடனாக எடுத்து, சம்பள உச்சவரம்புக்குள் சரிக்கட்டிக்கொண்டு, பிறகு நிரந்தரமாக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். நிரந்தரமாகும்போது ஓர் இடம் அவருக்குப் போய்விடும்.

விதிமுறை புரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025-இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 59,50,000 டாலர். தனி ஒருவர் எவ்வளவு வாங்கினாலும் அந்தக் கணக்கில் அவர் பெயரில் எழுதப்படும் அதிகபட்சத் தொகை 7,43,750 டாலர். அதற்கு மேல் உள்ளதை உரிமையாளர் தன் பையிலிருந்து கொடுக்கலாம். ஆனால் அந்தச் சலுகை மூன்று பேருக்கு மட்டுமே. 2007-இல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வருவதற்காகத் திறக்கப்பட்ட வாசல் இது. அதே பெக்காம் இன்று நம் அணியின் இணை உரிமையாளர் என்பது எனக்குச் சிரிப்பூட்டும் செய்தி. இதற்கு அடுத்ததாக யு-22 இனிஷியேட்டிவ் என்ற இடங்கள் உள்ளன. இருபத்திரண்டு அல்லது அதற்குக் குறைந்த வயதுடையவரை எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும், வயதைப் பொறுத்து 1,50,000 அல்லது 2,00,000 டாலர் மட்டுமே கணக்கில் ஏறும். சில்வெத்தியும் தெலாஸ்கோ செகோவியாவும் அந்த வழியில் வந்தவர்கள்.

அணிகளுக்கு இரண்டு பாதைகள் உண்டு. மூன்று டெசிக்னேட்டட் வீரர்களும் மூன்று யு-22 வீரர்களும் வைத்துக்கொள்ளலாம்; அல்லது டெசிக்னேட்டட் வீரர்களை இரண்டாகக் குறைத்துக்கொண்டு, யு-22 வீரர்களை நான்காகக் கூட்டி, கூடவே 20 லட்சம் டாலர் வரை ஒதுக்கீட்டுப் பணமும் (வீரர்களின் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட லீக் தரும் தொகை) பெறலாம். மெஸ்ஸியையும் தெ பாலையும் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது பாதையைப் பிடித்தால், நீங்கள் சொல்லும் இளைஞர் திட்டம் விதிக்குள்ளேயே அமைந்துவிடும். நம் நிர்வாகம் அதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. மூன்றாவது நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் குணம் இந்த உரிமையாளர்களுக்கு இல்லை. மயாமிக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது: நடுக்கள வீரர் பிளேஸ் மத்வீதியை டெசிக்னேட்டட் வீரராகக் கணக்கில் காட்டாமல் 2020-இல் ஆடவைத்ததற்காக அடுத்த ஆண்டு 20 லட்சம் டாலர் அபராதமும், 2022, 2023 ஆண்டுகளின் ஒதுக்கீட்டில் 22,71,250 டாலர் வெட்டும் விழுந்தன.  ஆகையால் கணக்குப் பார்ப்பவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கோல்கம்பம் எழுதியது:

இருவரும் நடுக்களத்தையும் முன்வரிசையையுமே பேசுகிறீர்கள். டிசம்பர் 6 இறுதியாட்டத்தின் 60-ஆவது நிமிடத்தில் வான்கூவரின் அலி அகமது சமன் செய்தது நினைவிருக்கட்டும். அதற்குச் சற்று நேரத்திலேயே அதே அணியின் சபி அடித்த பந்து ஒரு கம்பத்தில் மோதி, கோட்டுக்கு முன்னால் உருண்டு போய், எதிர்க் கம்பத்திலும் மோதி வெளியே வந்தது. அது ஓர் அங்குலம் உள்ளே போயிருந்தால் இந்த உரையாடலே வேறாக இருந்திருக்கும். அப்புறம் 71-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி தானே போய் வான்கூவரின் குபாஸிடமிருந்து பந்தைப் பறித்து தெ பாலுக்குக் கொடுத்ததும், கடைசி நிமிடங்களில் அயெந்தே மூன்றாவதைப் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். கம்பம் காப்பாற்றியதைத்தான் யாரும் பேசுவதில்லை.

2024-இல் 74 புள்ளிகளோடு லீக் சாதனை படைத்து, பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்த அணிக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டை வென்ற நம் அணி, வெறும் 40 புள்ளிகள் எடுத்த அட்லாண்டா யுனைடெட்டிடம் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே தோற்றது. முதல் ஆட்டத்தில் 2-1 என வென்று, அடுத்த இரண்டில் 1-2, 2-3 எனத் தோற்றோம். அந்தப் பருவத்தில் எதிரணிகளிடம் வாங்கிய கோல்கள் 49. அதற்குப் பிறகு பயிற்சியாளர் மார்ட்டினோ போனார், அவர் இடத்துக்கு மாஸ்கெரானோ வந்தார், பின்வரிசைக்கு மாக்சி ஃபால்கோன் வந்தார். 2025-இல் வாங்கிய கோல்கள் எத்தனை? 55. குறைந்ததா என்றால் கூடியிருக்கிறது. 81 கோல்கள் போட்டதால் அது வெளியே தெரியவில்லை. மெஸ்ஸி 29 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கும் ஆண்டில் இதை மூடி மறைக்கலாம். அவருக்கு 2026 ஜூனில் முப்பத்தொன்பது வயது ஆகப்போகிறது.

கோல்கீப்பர் விவகாரத்தையும் பாருங்கள். பல ஆண்டுகள் நின்ற டிரேக் காலண்டரை ஆகஸ்டில் சார்லட் அணிக்கு அனுப்பினார்கள். முப்பத்தொன்பது வயது உஸ்தாரி பருவத்தின் பெரும்பகுதி நின்றார். பிளே-ஆஃபில் ரியோஸ் நோவோ. ஒரே ஆண்டில் கோல் வாசலில் இத்தனை கைமாற்றம் எந்தச் சாம்பியன் அணிக்கும் அழகல்ல. என்னைக் கேட்டால் காசு முதலில் போக வேண்டிய இடங்கள் கோல்கீப்பரும் ஒரு நல்ல சென்டர் பேக்கும்தான் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்). இரண்டுக்கும் டெசிக்னேட்டட் இடம் தேவையே இல்லை. ஒதுக்கீட்டுப் பணத்தைச் சரியாகச் செலவழித்தால் போதும்.

ஐந்தாம்எண் பதில்:

கோல்கம்பம் ஐயா, 55 கோல்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பிளே-ஆஃபின் ஆறு ஆட்டங்களைத் தனியாக எடுத்தால் 20 கோல்கள் போட்டு ஐந்துதான் வாங்கியிருக்கிறோம். தடுப்பாட்டக்காரர்கள் பருவம் முழுக்க ஆடிய அதே ஆட்கள்தாம். மாறியது அவர்களுக்கு முன்னால் ஓடியவர்கள். ஆகவே பந்து பின்வரிசைக்கு வந்து சேருமுன் அதைத் தடுப்பதே மலிவான தற்காப்பு என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 31 அன்று எம்.எல்.எஸ்., மெக்சிகோ அணிகள் மோதும் லீக்ஸ் கோப்பை இறுதியில் சியாட்டிலிடம் 3-0 எனத் தோற்றபோது இதே தடுப்பாட்டக்காரர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்று பாருங்கள். அன்று முன்னால் யாரும் நெருக்கவில்லை.

இடதுகோடு எழுதியது:

எல்லாரும் புஸ்கெட்ஸுக்கு அழுகிறீர்கள். எனக்கு ஆல்பாவின் இடம்தான் அதிகக் கவலை தருகிறது. புஸ்கெட்ஸின் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தெ பால் சற்றுக் கீழிறங்கி ஆடினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆல்பா செய்ததைப் பிரிக்க முடியாது. மெஸ்ஸி வலப்பக்கத்திலிருந்து உள்ளே வருவார். எல்லாக் கண்களும் அவர் இடது காலின் மேல் இருக்கும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கக் கோட்டை ஒட்டி ஆல்பா தலையைக் குனிந்துகொண்டு ஓட ஆரம்பித்திருப்பார். மெஸ்ஸி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தைத் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிப் போடுவார். அது விழும் இடத்தில் ஆல்பா இருப்பார். பின்பு அந்தப் பந்து பின்னோக்கி, பெனால்டி புள்ளியருகே மெஸ்ஸிக்கே திரும்பி வரும். பார்சிலோனாவில் 2012 முதல் 2021 வரை சேர்ந்து ஆடிப் பழகிய ஒன்று இது. எந்த லெஃப்ட் பேக்கை (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரை) வாங்கினாலும் முதல் ஆறு மாதம் பந்து ஓர் இடத்திலும் ஆள் ஓர் இடத்திலுமாகத்தான் இருக்கும்.

அதனால் புதிதாக வாங்குவதற்கு முன் நோவா ஆலனைக் கருதிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அணியின் அகாடமியில் வளர்ந்தவர், இடதுகால் வீரர், இயல்பில் லெஃப்ட் பேக். ஆல்பா இருந்ததால் நடுவில் நின்று ஆடப் பழகி, கோப்பைப் பருவத்தில் ஃபால்கோனோடு சென்டர் பேக்காகவே வேரூன்றிவிட்டார். அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பினால் கோல்கம்பம் கேட்கும் சென்டர் பேக்கைக் கட்டாயம் வாங்கியாக வேண்டும். அனுப்பாவிட்டால் லெஃப்ட் பேக்கை வாங்கியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பின்வரிசையில் ஒருவர் வந்தே தீர வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்வரிசையில் ஒரு பெயருக்குக் கொட்டுவதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எதிர்க்கிறேன்.

அயெந்தேயையும் மறந்துவிடாதீர்கள். பிளே-ஆஃபில் ஒன்பது கோல்கள் அடித்துச் சாதனை படைத்தவர், ஸ்பெயினின் செல்தா வீகோ அணியிலிருந்து கடனாக வந்தவர்தான். அவரை நிரந்தரமாக்காமல் புது ஆளைத் தேடுவது கையில் இருப்பதை விட்டுவிட்டுக் காட்டில் தேடுவது போன்றது.

பட்டியல்பித்தன் பதில்:

இடதுகோடு சொல்வதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ஆலன், ஃப்ரே போன்ற அகாடமி வீரர்களைத் துணைப் பட்டியலில் வைத்துக்கொண்டால் அவர்கள் சம்பளம் உச்சவரம்புக் கணக்கில் சேராது. முதன்மைப் பட்டியலின் இருபது பேர் மட்டுமே அதில் வருவார்கள். அப்படி மிச்சமாகும் தொகையில்தான் கோல்கீப்பரை எடுக்க முடியும். அயெந்தேயை நிரந்தரமாக்குவதற்கு நானும் கை தூக்குகிறேன். சுவாரஸுக்கு இன்னோர் ஆண்டு கொடுப்பதானால் பெஞ்சிலிருந்து வருபவர் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்கட்டும்.

2026 பிப்ரவரி 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்தில் எல்.ஏ.எஃப்.சி. (லாஸ் ஏஞ்சலஸின் இன்னோர் அணி) அணியோடு புதிய பருவத்தின் முதல் ஆட்டம். ஒரு பக்கம் பௌவாங்கா, நடுவில் சோன் ஹியுங்-மின் என்று இருவரும் பாய்ந்து வரும்போது, நம் பின்வரிசையிலிருந்து முதல் பாஸை வாங்கித் திருப்பிவிட அங்கே யார் நிற்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.