டொமைனை ரூட் 53க்கு மாற்றினேன், வீட்டில் வெப்சைட் திறக்கவில்லை – அவசரம்

பாசிக்குடா_தங்கல்
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தங்குமிடத்தின் டொமைனை (வெப்சைட் பெயரை) முந்தநாள் அமேசானின் ரூட் 53க்கு, அதாவது பெயரைச் சேர்வர் முகவரியாக்கித் தருகிற டிஎன்எஸ் சேவைக்கு, மாற்றினேன். பெயருக்குப் பதில் சொல்ல அது தந்த நாலு நேம் சேர்வரையும் போட்டாச்சு. வீட்டில் வெப்சைட் திறக்கவில்லை, தங்கச்சியின் போனில் திறக்கிறது. சீசன் நேரம், புக்கிங் எல்லாம் அதில்தான் வரும். யாராவது உடனே சொல்லுங்கள்.

கல்லடிப்பாலம்
போட்டாச்சு என்றால் எங்கே போட்டீர்கள்? டொமைன் வாங்கிய இடத்திலா, ரூட் 53இல் டொமைனின் பதிவுகள் இருக்கிற ஸோனுக்குள்ளா? .காமா, .எல்கேயா? திரையில் என்ன எழுதி வருகிறது? தங்கச்சியும் அதே வைஃபையிலா?

வாவிமீன்
பதறாதீர்கள், 48 மணித்தியாலம் பொறுங்கள். .காமில் நேம் சேர்வர் பதிவின் டிடிஎல், அதாவது மற்ற சேர்வர்கள் அதைக் கேஷில் நினைவு வைத்திருக்கிற நேரம், 172800 விநாடி, முழுசாக இரண்டு நாள். பழைய பதில் கேஷில் கிடக்கும். எனக்கும் தானாகவே வந்தது.

பழைய_சேர்வர்
இதையே எத்தனை பேர்தான் கேட்பீர்கள் தம்பி. டொமைன் பெயர் இல்லை, டிஎன்எஸ் பதிலைக் கேட்டுப் பார்க்கிற டிக் கட்டளையின் முடிவு இல்லை, "திறக்கவில்லை" மட்டும் இருக்கிறது. நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது?

சம்மாந்துறையான்
ஸோனை இரண்டு தரம் உருவாக்கியிருப்பார், எழுதி வையுங்கள். ரூட் 53 ஒவ்வொரு ஸோனுக்கும் வேறு வேறு நாலு பெயர் தரும். அழித்துவிட்டு அதே டொமைனுக்குத் திரும்ப உருவாக்கினாலும் புது நாலு வரும். டொமைன் வாங்கிய ரெஜிஸ்ட்ராரிடம் பழைய நாலு கிடக்கும், பதிவுகள் எல்லாம் புது ஸோனில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பாசிக்குடா_தங்கல்
.காம்தான். பெயரை இங்கே போட விருப்பமில்லை. வாங்கிய இடத்தில்தான் மாற்றினேன். ஸோன் ஒன்றுதான், நாலு பெயரும் சரி. தங்கச்சி சிம் டேட்டாவில் பார்க்கிறாள், அவளுக்குப் புதுப் பக்கமே வருகிறது. எனக்கு சேர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறது. ரவுட்டரை நிறுத்திப் போட்டும் பார்த்தேன்.

வாவிமீன்
கேஷ்தான்.

கல்லடிப்பாலம்
ரவுட்டரில் டிஎன்எஸ் என்ன போட்டிருக்கிறது?

பாசிக்குடா_தங்கல்
வைஃபை பூட்டித் தந்த பையன் நாலு எட்டு போட்டான். அதுவா?

கல்லடிப்பாலம்
அதேதான், 8.8.8.8, கூகுளுடையது. இப்போது விஷயம் புரிகிறது.

கேஷ் என்றால் உங்களுக்குப் பழைய பக்கம் வந்திருக்க வேண்டும். பழைய பதில் கிடக்கிற இடத்தில் பதிலே இல்லை என்று வராது. தங்கச்சிக்குப் புதுப் பக்கம் வருகிறபடியால் நேம் சேர்வர் மாற்றமும் சரியாகவே போயிருக்கிறது. ஆக, பதில் கிடைக்கிறது, கூகுள் அதை நம்ப மறுக்கிறது. டிஎன்எஸ்செக், அதாவது பதில் போலியில்லை என்று கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கிற முறை, மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். முன்பு ரெஜிஸ்ட்ராரின் டிஎன்எஸ்ஸில் இருந்தபோது அது இயங்கியிருந்தால், டிஎஸ் என்றொரு பதிவு .காம் பக்கம் ஏறியிருக்கும். "இந்த டொமைனின் பதில்கள் இன்ன சாவியால் கையொப்பமிட்டே வரும்" என்று அது சொல்கிறது. நீங்கள் நேம் சேர்வரை மாற்றினீர்கள், டிஎஸ் அங்கேயே நிற்கிறது. ரூட் 53 கையொப்பம் இல்லாமல் பதில் தருகிறது. 8.8.8.8 சரிபார்க்கிற ஆள், தூக்கி எறிந்துவிடும். தங்கச்சியின் சிம் கம்பனி சரிபார்ப்பதில்லை போல.

சோதிக்க வழி இருக்கிறது. டிக் கட்டளையில் 8.8.8.8இடம் கேளுங்கள், சேர்வ்ஃபெயில் (பதில் தர முடியவில்லை) என்று வரும். அதே கட்டளையில் பிளஸ் சிடி சேருங்கள். சரிபார்க்காமல் தா என்று கேட்பது அது. உடனே முகவரி வந்தால் சந்தேகமே வேண்டாம், ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் போய் டிஎஸ்ஸை அழியுங்கள்.

பழைய_சேர்வர்
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது: முதலில் டிஎஸ்ஸை எடுக்க வேண்டும், ஒரு நாளாவது விட வேண்டும், அப்புறம்தான் நேம் சேர்வரில் கை வைக்க வேண்டும். .காமில் டிஎஸ்ஸின் டிடிஎல் 86400 விநாடி. இப்போது அழித்தாலும் நாளை வரைக்கும் சில இடங்களில் திறக்காது. அதற்குள் இன்னொரு இழை திறந்துவிடாதீர்கள். பிறகு வேண்டுமென்றால் ரூட் 53இலேயே கையொப்பத்தை இயக்கலாம், 2020 டிசம்பரில் இருந்து அந்த வசதி இருக்கிறது.

சம்மாந்துறையான்
நாலு அறை வைத்திருக்கிற ஆளுக்கு டிஎன்எஸ்செக் எதற்கு காக்கா? ரூட் 53உம் எதற்கு? மாதம் அரை டொலர் என்றாலும் டொலர் டொலர்தான். ரெஜிஸ்ட்ராரிடம் காசில்லாமல் கிடந்தது.

பழைய_சேர்வர்
வெள்ளைக்காரன் கார்ட் நம்பர் அடிக்கிற தளம் அது. டொமைனை யாராவது வேறு பக்கம் திருப்பினால் நீங்களா காசு கட்டுவது?

சம்மாந்துறையான்
அதற்குத்தான் பூட்டுப் படம் போட்ட எஸ்எஸ்எல் இருக்கிறதே.

வாவிமீன்
.எல்கே எடுத்திருந்தால் இந்நாட்டு ஆட்களிடமே கேட்டிருக்கலாம். அதைவிட .இலங்கை இருக்கிறது, 2010 இலிருந்து. பாசிக்குடா என்று தமிழிலேயே வைத்திருக்கலாம், ஒருவரும் யோசிப்பதில்லை.

சம்மாந்துறையான்
வைத்துவிட்டு? ஜெர்மனியில் இருந்து வருகிறவன் அதை எதில் அடிப்பான்? அதில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் பிழை என்று திருப்பி அனுப்பும்.

வாவிமீன்
ஒருவரும் வைக்காவிட்டால் படிவக்காரன் எப்போது திருந்துவான்? தமிழிலேயே எழுதிக்கொண்டு தமிழ்ப் பெயர் வேண்டாம் என்கிறீர்களே.

சம்மாந்துறையான்
வேண்டாம் என்று யார் சொன்னது? புக்கிங் வராது என்றுதான் சொன்னேன்.

கல்லடிப்பாலம்
அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, டிஎஸ் இருந்ததா?

பாசிக்குடா_தங்கல்
இருந்தது அண்ணே. அழித்தாச்சு. இன்று காலை வீட்டிலும் திறக்கிறது, நன்றி. மாற்றின நாளில் இருந்து மெயில்தான் ஒன்றும் வரவில்லை. அது வேறு பிரச்சினையா?

கல்லடிப்பாலம்
மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் பதிவுகள் பழைய இடத்தில் இருந்திருக்கும், அவற்றை ரூட் 53 ஸோனில் எழுதினீர்களா? புது ஸோனில் நேம் சேர்வர்களைச் சொல்கிற என்எஸ்ஸும் ஸோனின் அடிப்படை விபரமான எஸ்ஓஏயும்தான் தானாக இருக்கும், மற்றதெல்லாம் நாம் போட வேண்டும். உங்கள் பெயரில் எந்தச் சேர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்பிஎஃப் வரியையும் மறக்காதீர்கள்.

பழைய_சேர்வர்
ஸோனின் பதிவுப் பட்டியலைப் படம் பிடித்துப் போடுங்கள்.

கல்லடிப்பாலம்
தம்பி?