எனெ-ஃபார்ம் எரிபொருள் மின்கலம்: மீண்டும் வாங்கினால் போட்ட பணம் திரும்புமா?

ஜப்பானின் சைதாமாவில் உள்ள எங்கள் வீட்டில் 2013-இல் நிறுவிய, 700 வாட் திறனுள்ள, பாலிமர் படல வகை எனெ-ஃபார்ம் கருவி (எரிவாயுவிலிருந்து வீட்டுக்கு மின்சாரமும் வெந்நீரும் தரும் எரிபொருள் மின்கலம்) கடந்த மாதம் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது துணைக் கொதிகலன் வெந்நீர் மட்டும் தருகிறது. இருமுறை அணைத்து இயக்கியும் பயனில்லை. பரிசோதித்த பணியாளர், மின்சாரம் உண்டாக்கும் பாகமான மின்கல அடுக்கை மாற்றுவதைவிடப் புதிய கருவி வாங்குவதே மேல் என்கிறார்.

அதே வகைப் புதிய கருவிக்கு 15 லட்சம் யென்னும், வெறும் கொதிகலனுக்கு 4 லட்சம் யென்னும் விலை கேட்கிறார்கள். பழைய குறிப்புகளின்படி, 150 யென் விலையுள்ள ஒரு கன மீட்டர் எரிவாயுவிலிருந்து ஏறத்தாழ 4.4 யூனிட் மின்சாரம் கிடைத்தது. யூனிட்டுக்கு 31 யென் என்றால் அது 136 யென். அதாவது, மின்சாரம் மட்டுமே எரிவாயுச் செலவை ஈடுகட்டுவதில்லை, கழிவு வெப்பத்தில் கிடைக்கும் வெந்நீர்தான் இந்தக் கருவியை இலாபகரமாக்குகிறது. வெந்நீரையும் சேர்த்தால் யூனிட்டுக்குச் சுமார் 17 யென் மிச்சம். நாளுக்கு 8 யூனிட் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 யென். அந்தக் கணக்கில் 11 லட்சம் யென் வித்தியாசம் தீர 22 ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். கோடையில் வெந்நீர்த் தொட்டி விரைவில் நிரம்பி, உற்பத்தியும் நின்றுவிடும்.

சிறிய குடும்பத்தில், அரசு மானியமின்றி இதை மீண்டும் வாங்கிய எவருக்கேனும் 10 ஆண்டுகளுக்குள் கூடுதல் செலவு திரும்பியிருக்கிறதா?