லைட்ஸ்கேல் ட்ரைடென்ட்: அடிக்கவா, வீட்டுல மாட்டவா?

கோரிப்பாளையம்_கேமர்:
செல்டா கேம் ப்ரெத் ஆஃப் த வைல்ட்ல ஒருவழியா வா ரூட்டாங்குற யானை மெஷின முடிச்சாச்சு, ஜோராங்குற மீன் சனங்க அரண்மனையில ராஜா டோரெஃபன்கிட்ட பேசுனதும் பெட்டியில லைட்ஸ்கேல் ட்ரைடென்ட் கிடைச்சுச்சு. பாக்க அம்சமா இருக்கு, ஆனா அட்டாக் வெறும் 22. எங்கிட்ட இருக்க ராயல் ஹால்பர்டுங்குற ஈட்டியே 26 காட்டுது. ஜோரா இளவரசி மீஃபா வச்சிருந்த ஈட்டின்னு இதுக்கு எதுக்கு இம்புட்டு பில்டப்பு? அடிச்சு உடைஞ்சிருச்சுன்னா போச்சா? இல்ல கேம்ல ஹடேனோ ஊர்ல இருக்க வீட்டுச் சுவத்துல மாட்டிரவா? என் தம்பி வேற மாட்டிரு மாட்டிருன்னு உசுர வாங்குறான்.

வைகைக்கரை_பாண்டி:
சும்மா நட்டு வைக்க அது என்ன கருப்பசாமி கோயில் வேல்கம்பாய்யா, எடுத்து அடி. ஈட்டி எல்லாமே ஒரு குத்துக்கு கம்மியாத்தான் காட்டும், ஆனா பெரிய வாளத் தூக்கி ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள இதுல ரெண்டு மூணு குத்து விழுந்துரும், பட்டன அமுக்கிப் பிடிச்சா ஸ்டாமினா இருக்க வரைக்கும் நம்ம ஹீரோ லிங்க் சடசடன்னு குத்திக்கிட்டே இருப்பான், எதிரி கிட்டயே வர முடியாது. டூரபிலிட்டி, அதான் உடையாம தாங்குற அளவு, 70, அத கேம் வெளிய காட்டாது. உடைஞ்சாலும் ஜோரா ஊர்லயே டென்டோன்னு கொல்லர் இருக்காரு, ஒரு ஜோரா ஸ்பியர், 5 ஃப்ளின்ட் (சிக்கிமுக்கிக் கல்லு), 1 டைமண்ட் குடுத்தா புதுசா அடிச்சுத் தருவாரு.

உசிலை_லிங்க்:
பாண்டிண்ணே சொல்றது சரிதான், ஆனா டைமண்டு சும்மாவாண்ணே? வித்தா 500 ரூப்பி, அதான் கேம் காசு. சில்லறை பொகாப்ளின் பயலுகளுக்கு சாதா ஜோரா ஸ்பியரே போதும், அது 9தான் ஆனா அந்த ஊரச் சுத்திக் கிடைச்சுக்கிட்டே இருக்கும். ட்ரைடென்ட குதிரையில போறப்ப எடு, நீளம் இருக்குறதால ஓட்டத்துலயே குத்திட்டுப் போயிரலாம். எந்த ஈட்டியா இருந்தாலும் செவப்பா மினுக்க ஆரம்பிச்சா கையில வச்சிருக்காத, தூக்கி எறி, உடையிற அந்த அடிக்கு டேமேஜ் டபுள்.

கோரிப்பாளையம்_கேமர்:
எறியுறதா! நேத்து மினுக்குனதெல்லாம் கீழ போட்டுட்டு வந்தேனேண்ணே. சரி, டைமண்டுக்கு எங்க போக, கல்லு கல்லா உடைச்சாலும் ஃப்ளின்ட்டும் ஆம்பரும்தான் விழுது.

வைகைக்கரை_பாண்டி:
அதே ஊர்ல லெடோன்னு ஒருத்தன் தரையத் தட்டிக்கிட்டு இருப்பான், அவன்கிட்ட 10 லூமினஸ் ஸ்டோன் குடு. மொதத் தடவை 2 டைமண்ட் தருவான், அப்புறம் பத்துக்கு ஒண்ணு. அந்தக் கல்லு ராத்திரியில மினுமினுன்னு தெரியும், தேடுறது லேசு.

ஆரப்பாளையம்_ஜோரா:
2023ல வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டமும் வாங்குனீன்னா இன்னொன்னு இருக்கு, அதுல ஜோரா ஆயுதம் நனைஞ்சிருந்தா அட்டாக் டபுள் ஆயிரும், மழை பேஞ்சா கொண்டாட்டம்தான். இந்த கேம்ல அந்த வசதி இல்ல, இடி மின்னல் வந்துச்சுன்னா மெட்டல் சாமானெல்லாம் கழட்டி உள்ள வச்சிரு, பொறி பறக்குறதப் பாத்துக்கிட்டே நின்னா கருகிப் போவ.

கோரிப்பாளையம்_கேமர்:
அப்ப அடிக்கிறதுதான். தம்பிக்கு வேற எதையாச்சும் மாட்டி விடுறேன், அந்த ராயல் ஹால்பர்ட் போதும் அவனுக்கு.