அத்தைக்குத் தோதான கவனிப்பு: செவிலியர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்குப் பக்கவாதம். வலது கை கால் வரவில்லை, பேச்சும் குழறுகிறது, சர்க்கரையும் உண்டு. பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் (நோய்த்தணிப்புச் செவிலியர்) வீட்டுக்கு வந்து பார்க்கிறார், அருமையான மனுஷி.

படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். பகலில் சரி, இரவில்தான் தகராறு. அத்தை காலமெல்லாம் மாடு கறந்தவர். எட்டு மணிக்குத் தூங்கி நாலு மணிக்கு விழிக்கிற உடம்பு. நடுவில் எழுப்பினால் மறுநாள் முழுக்கச் சோறு இறங்காது. காற்று மெத்தை போட்டால் இரவில் மட்டும் இடைவெளியைக் கூட்டலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? குதிகாலையும் இடுப்புப் பக்கத்தையும் தினமும் பார்க்கிறேன். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் பயப்பட வேண்டும் என்றார் சிஸ்டர், இதுவரை இல்லை.

தண்ணீர் குடித்தால் இருமுவதால் எல்லாமே கெட்டியாக, நிமிர்த்தி உட்கார வைத்துத்தான். கம்மங்கூழ் என்றால் வாயைத் திறக்கிறார். ஓட்ஸைத் துப்புகிறார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? சிஸ்டர் மலையாளத்தில் எது கேட்டாலும் அத்தை தலையாட்டிவிடுகிறார். முகம் பார்த்துக் குறித்து வைக்க ஏதாவது முறை உண்டா? பொள்ளாச்சிப் பக்கம் காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.