காலைக் கடை போய் ராத்திரிக் கடை வந்தது: நாகர்கோவில் பக்கத்து அனுபவங்கள்

வடசேரிக்காரன்:

ஊரில் கடைகள் மாறிவிட்டன என்று பேச்சு வந்தால் எல்லோரும் பெயர்ப்பலகையைத்தான் சொல்கிறார்கள். அங்கே இருந்த பாத்திரக்கடை செல்போன் கடை ஆகிவிட்டது, இங்கே இருந்த சாயாக்கடை பேக்கரி ஆகிவிட்டது, இப்படி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடை திறக்கிற நேரம். எங்கள் வடசேரி முன்பெல்லாம் விடியுமுன் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் அடங்கிவிடும். இப்போது மத்தியானம்வரை ஷட்டரைத் தூக்குவதில்லை, நடுச்சாமம்வரை இறக்குவதுமில்லை.

கனகமூலம் சந்தையைச் சுற்றி அன்றைக்கு நாலு மணிக்கே அடுப்பு எரியும். சுமை இறக்க வந்தவர்கள், வடசேரி பஸ் ஸ்டாண்டில் முதல் டிரிப் எடுக்கிற டிரைவர், கண்டக்டர், கடற்கரைக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள், கீரைக்கட்டோடு வந்த வயசாளிகள், இவர்களை நம்பித்தான் கடை. ஆப்பம், புட்டு, பயறு, பப்படம். புட்டில் பயறைப் போட்டு, பப்படத்தை நொறுக்கி, ஒரு மட்டி வாழைப்பழத்தையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டால் பதினோரு மணிவரை பசி எடுக்காது. அந்த மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அன்றைக்கு அது கடை வாசலில் குலையோடு தொங்கும். யாரையும் கேட்காமல் பிய்த்துக்கொள்ளலாம், எழுந்து போகும்போது எத்தனை என்று சொன்னால் போதும். ஏமாற்றினவர்களும் இருந்திருப்பார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, புட்டுக்குற்றி மாறவில்லை. அரசாங்கம் மாறியும் அசையாத காலைச் சாப்பாட்டைப் பிற்பாடு அசைத்தது ஆள் பற்றாக்குறை.

இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆப்பக்கடை வைத்திருந்த அண்ணாச்சியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். 2020 ஊரடங்கில் மூடினார், அப்புறம் காலையில் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே சொன்னார். நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டுமென்றால் மாஸ்டர் இரண்டரைக்கு எழுந்திருக்க வேண்டும். ராத்திரி மாவாட்ட இன்னொரு ஆள் வேண்டும். பையன்கள் இரண்டு பேரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். தேங்காய் விலை சொல்லவே வேண்டாம். அண்ணாச்சிக்கு மூட்டுவலி வேறு. கடைசியாக, மடக்க விரல் இல்லாமல் சொன்னார்: “மக்கா, காலம்பற நூறு பேருக்கு ஆப்பம் சுடுறதும், ராத்திரி இருபது பேருக்கு கோழி போடுறதும் ஒரே துட்டுதான். நூறு பேரு எச்சில் பிளேட்ட எவன் கழுவுவான்?”

அதற்குமேல் நான் என்ன சொல்ல? சந்தைக்கு விடியுமுன் வந்த ஆட்களும் முன்புபோல இல்லை. மொத்த வியாபாரத்தில் பாதி அப்டா சந்தைப் பக்கம் போய்விட்டது. லோடு எங்கே இறங்குகிறதோ அங்கேதானே சாயா விற்கும்.

அவர் கடை இருந்த இடத்தில் இப்போது அல்ஃபாம், குழிமந்தி. நடத்துவது வெளிநாட்டில் ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்று பையன்கள். சமையல்காரர் அசாம். எதைச் சொன்னாலும் “செரிண்ணா” என்கிறார், அது மட்டும் அச்சு அசல் நம்ம ஊர் உச்சரிப்பு. போகக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன், மகள் விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கோழி நன்றாகவே இருந்தது. கரியில் வாட்டின தோலின் ஓரம் மொறுமொறுப்பாக, உள்ளே ஈரம் வற்றாமல். கூட வந்த குபூஸ் ரொட்டிதான் ஆறினால் காலெண்டர் அட்டை. அந்த வெள்ளை மயோனைஸைக் கண்டால் எனக்கு இன்னமும் கை நீளுவதில்லை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், கூட ஒரு பாட்டா. பெரிய தாம்பாளத்தில் மந்தி வந்து இறங்கியது. பேரப்பிள்ளைகள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை பாட்டா பொறுமையாக இருந்தார். அப்புறம் தாம்பாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, “எல்லாஞ் செரி, கொழம்பு எங்க மக்கா?” என்று கேட்டார். பரிமாறுகிற பையன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன ஸ்டீல் வாளியில் கோழிக்குழம்பு கொண்டு வந்து அரிசியின் ஓரமாக ஊற்றினான். பில் கொடுக்கும்போது விசாரித்தேன். திறந்த புதிதில் தினமும் நாலு பேராவது குழம்பு கேட்டார்களாம். அதனால் ராத்திரி ஒரு சட்டி குழம்பு தனியாக வைக்கிறார்களாம், காசு கிடையாது. மந்தி ஏமன் நாட்டுச் சாப்பாடு, அந்த ஊர்க்காரன் பார்த்தால் என்ன சொல்வானோ. எனக்கு அந்தக் கடைமேல் இருந்த பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

மற்றவர்கள் பக்கத்தில் எப்படி என்று எழுதுங்கள்.

கோட்டாறு மருமகள்:

அண்ணா, சாப்பாட்டுக்கடை நேரம் பற்றி நீங்கள் சொன்னது சரி. பலசரக்குக் கடையில் மாறியது அளவு. கல்யாணமாகி வந்தபோது கோட்டாறு கம்போளத்தில் எங்கள் மாமியார் பற்று வைத்திருந்த கடையில் நூறு கிராம் கடுகு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. “ரெண்டு ரூவாய்க்கு கடுகு, அஞ்சு ரூவாய்க்கு மல்லி, ஒரு துண்டு காயம்” என்றுதான் கேட்பார்கள். கையில் இருக்கிற காசுதான் அளவு. அண்ணாச்சி தலைக்குமேல் நூல்கண்டு தொங்கும். பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, சாமானைப் போட்டு, நூலைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போட்டு அறுக்கிற வேகத்தைப் பார்க்கவே நிற்கலாம். கருப்பட்டியும் புளியும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு வாசனை, கடைக்குள் போய்விட்டு வந்தால் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும்.

அதே கடையை மகன் சூப்பர் மார்க்கெட் ஆக்கிவிட்டார். ஏசி, தள்ளுவண்டி, பார்கோடு. முன்பு வாசலில் நின்று வாங்கிய நான் இப்போது உள்ளே போய் நாலு பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கிறேன், தேதி பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வருகிறேன். பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கவுண்டருக்கு முன்னால் ஆண்கள் கூட்டத்துக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடந்தது இது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு, சர்க்கரை எல்லாம் எடுத்தாயிற்று, ஏலக்காய் மட்டும் கொஞ்சம் வேண்டும். பாக்கெட்டில் ஐம்பது கிராம்தான் இருந்தது, அதன் விலைக்கு ஒரு கிலோ பயறு வாங்கலாம். பத்து ரூபாய்க்குக் கிடைக்குமா என்று பில் போடுகிற பிள்ளையிடம் கேட்டேன். அவள் பாவம், கம்ப்யூட்டரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். பத்து ரூபாய் ஏலக்காய்க்கு அதில் நம்பர் இல்லை. வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பழைய அண்ணாச்சி எழுந்து வந்தார். பாக்கெட்டை உடைத்தார். விரல் நுனியில் எடுத்தார், நிறுக்கவில்லை. பழைய பில் தாளைக் கூம்பாகச் சுற்றிக் கையில் கொடுத்தார். நூலைத் தேடி அவர் கை ஒரு தரம் மேலே போய்விட்டு இறங்கியது. “அத்தைக்கு சொகமா?” என்று மட்டும் கேட்டார். பத்து ரூபாயை மகனுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பற்று நோட்டு இப்போது கிடையாது. ஸ்கேன் பண்ணும் அட்டைதான். மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறவர்களுக்குப் பழைய நோட்டுதான் நல்லது என்பது என் கட்சி. கடன் சொல்லிக் குனிந்து நின்றதை மறந்துவிட்டுப் பேசாதே என்பார் என் வீட்டுக்காரர். சவேரியார் கோவில் திருவிழா நாட்களில் மட்டும் தெருவோரம் பழைய மாதிரிக் கடைகள் வரும். டிசம்பர் 3 முடிந்ததும் அவற்றையும் காணோம்.

குழித்துறைக்காரன்:

எங்கள் மார்த்தாண்டத்தில் கடைகளை மாற்றியது பாலம். 2019 மார்ச்சில் திறந்த இரும்பு மேம்பாலம், இரண்டரை கிலோமீட்டர் நீளம். அதற்குமுன் திருவனந்தபுரம் போகிற கார் எல்லாம் ஜங்ஷன் நெரிசலில் நிற்கும். நின்றால் இறங்குவார்கள், இறங்கினால் நேந்திரங்காய் சிப்ஸ், தேன், ஒரு சாயா. என் சித்தப்பாவின் சிப்ஸ் கடை நெரிசலால் பிழைத்த கடை என்று நாங்களே கேலி செய்வோம். பாலம் வந்ததும் கார்கள் தலைக்குமேல் போய்விட்டன. ஊர்க்காரர்களுக்கு நிம்மதி, அவருக்கு வியாபாரம் பாதி. ஒரு வருஷம் புலம்பினார், அப்புறம் கடையைப் பாலம் இறங்குகிற பக்கம் மாற்றிக்கொண்டார். சட்டியை வெளியே வைத்து வறுக்கிறார். தேங்காயெண்ணெய் வாசனைக்கே நாலு கார் நிற்கிறது. எண்ணெயில் உப்புத்தண்ணீர் தெளிக்கும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும், அதற்கு நிற்கிற குழந்தைகள் தனி.

பழைய இடத்தில் பாலத்தின் நிழலில் இப்போது மோமோஸ் வண்டி. அதற்குமேல் எழுத மனசில்லை.

முக்கடல்:

வடசேரி அண்ணாச்சி, உங்கள் கணக்கு கன்னியாகுமரியில் செல்லாது. இங்கே சூரியன் இருக்கிறவரை காலைக் கடைக்குச் சாவில்லை. உதயம் பார்க்க நாலரைக்கே லாட்ஜுகளிலிருந்து கூட்டம் இறங்கும், சாயாக்காரர் அதற்குமுன் தயார். சபரிமலை சீசனில் ராத்திரி, பகல் வித்தியாசமே தெரியாது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழும்பும், நடுவில் சுண்டல் விற்கும்.

ஆனால் யாருக்குச் சாப்பாடு என்பதுதான் எங்கள் பிரச்சினை. குஜராத்தி சாப்பாடு, ராஜஸ்தானி சாப்பாடு, ஆலு பரோட்டா எல்லாம் கிடைக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தபின் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. ஊர்க்காரன் நான் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட வேண்டுமென்றால் கடைத்தெருவில் தேடுவதில்லை, வண்டி எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் தமிழில் “சாப்பாடு இருக்கா?” என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க லோக்கலா?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவரே பக்கத்து ஊர் கொட்டாரத்துக்காரர்!

வடசேரிக்காரன்:

முக்கடல், ஒப்புக்கொள்கிறேன், விடியலுக்கு ஆள் வருகிற ஊரில் காலைக் கடை நிற்கும். அதைத்தான் நானும் சொல்கிறேன், எங்கள் விடியலுக்கு ஆள் இல்லை. தங்கச்சி, அண்ணாச்சி பத்து ரூபாயைப் பையில் போட்ட விஷயத்தை அவர் மகன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைக்கும் ராத்திரிக்கும் நடுவில் ஒரு நேரம் மட்டும் இன்னும் யார் கைக்கும் போகாமல் இருக்கிறது: சாயங்காலம் நாலு மணி. ரசவடையை அல்ஃபாம் பையன்களும் தொடவில்லை, பேக்கரியும் தொடவில்லை. பருப்புவடையைச் சுடச்சுட ரசத்தில் போட்டு, அது ஊறி உப்பியும் உடையாமல் இருக்கிற பக்குவத்தில் எடுத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஐந்து நிமிஷம் முந்தினால் கல், பிந்தினால் கூழ். பார்சல் வாங்கினால் வீடு சேருமுன் கரைந்துவிடும், டெலிவரி பையன்களுக்குத் தோதுப்படாத பண்டம், அதனாலேயே பிழைத்துக் கிடக்கிறது என்று நினைக்கிறேன். மணிமேடை, வேப்பமூடு சுற்றுவட்டாரத்தில் சந்து சந்தாக விசாரித்தால் கிடைக்கும். ஏத்தம்பழ பஜ்ஜியும் அதே சட்டியில் வரும். ஐந்தரைக்குமேல் போனால் வெறும் ரசம்தான் மிச்சம், அதையும் டம்ளரில் வாங்கிக் குடிக்க ஆள் நிற்கும்.