ஃபெமினிசம் என்றால் எல்லா இடத்திலும் பெண்ணியம்தானா?

நண்பர்களே, ஒரு மொழிபெயர்ப்பில் ‘ஃபெமினிசம்’ வந்த இடமெல்லாம் ‘பெண்ணியம்’ என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் பாதி இடங்களில் அடித்துவிட்டு ‘பெண்ணுரிமை’ என்று மாற்றியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. உரிமை கேட்பது அதில் ஒரு பகுதிதானே? ஆண், பெண் என்ற ஏற்றத்தாழ்வு எப்படி உருவானது என்று ஆராய்வதும் பெண்ணியத்தில் வருமே. இலங்கைத் தமிழில் எழுதும் ‘பெண்நிலைவாதம்’ இன்னும் பொருந்துமோ?

அப்புறம், பெரிய தலைவலி இதுதான். 1871இல் ஒரு பிரெஞ்சு மருத்துவ ஆய்வேட்டில் இதே சொல், காசநோய் கண்ட ஆண்களின் உடலில் தெரிந்த பெண்சாயலைக் குறித்தது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய பிரெஞ்சுப் பெண் யுபெர்தின் ஒக்லேர் அதை அரசியல் பொருளில் எடுத்தாண்டது 1882இல். அந்த மருத்துவப் பொருளுக்குப் ‘பெண்ணியம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘பெண்தன்மையேற்றம்’ சரியா? வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழனுக்குள் அனுப்பியாக வேண்டும்.